கன்டெய்னர் சுவருக்கு இரண்டு பக்கம்

மொகரம் பிறை கண்டு ஒரு வாரம் ஆகும்போது கராச்சியின் எம்.ஏ. ஜின்னா சாலையை ஒட்டிய சந்துகளின் வாயில் கன்டெய்னர்கள் வந்து இறங்கும். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இரும்புப் பெட்டிகள் அவை. ஒன்றைக் குறுக்கே கிடத்தினால் ஒரு சந்து அடைபடும். உள்ளே குடியிருப்பவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஊர்வலப் பாதையிலுள்ள கடைகளைப் போலீஸார் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஷட்டரை இறக்கிச் சீல் வைப்பார்கள். மோப்ப நாய்கள் சாக்கடை மூடிகளை முகர்ந்து பார்க்கும். மொட்டைமாடிகளில் துப்பாக்கியோடு காவலர்கள் ஏறிக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஆள் ஏற்றத் தடை. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் போன்றோருக்கு விலக்கு. செல்போன் சேவை காலையிலிருந்து இரவு வரை அடியோடு நின்றுபோன ஆண்டுகளும் உண்டு. இத்தனைக்கும் நடுவே நிஷ்தர் பூங்காவிலிருந்து புறப்படும் ஆஷுரா (மொகரம் பத்தாம் நாள்) ஊர்வலம், காராதரிலுள்ள ஹுசைனியா ஈரானியன் இமாம்பர்காவில், அதாவது ஷியாக்களின் துக்கக் கூடத்தில், போய் முடியும். பிறகு அரசின் அறிவிப்பு வரும்: ஆஷுரா அமைதியாக நடந்தேறியது.

உறுத்துவது அந்த ஒற்றை வரிதான். அன்றைக்குக் குண்டு வெடிக்கவில்லை என்பதைத்தான் அரசு அமைதி என்கிறது. இரும்புச் சுவர் உயிர்களைக் காக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குண்டு வைப்பவர்கள் எங்கே உருவாகிறார்கள், யார் தயவில் நடமாடுகிறார்கள் என்ற கேள்வியை ஆண்டு முழுக்கத் தள்ளிப்போடுவதற்கு அந்தச் சுவரே அரசுக்கு வசதியான சாக்காகிவிட்டது. இன்னொரு கேடும் அதனால் விளைந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்வலத்துக்குக் கேட்காமலே காவல் நின்ற பாதையோரத்துச் சுன்னிக் குடும்பங்களை அது சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டது.

கி.பி. 680இல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள் மொகரம் பத்து. ஷியாக்களுக்கு அது துக்க நாள். ஆனால் தெற்காசியாவில் அந்தத் துக்கம் ஒருபோதும் ஷியாக்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தஞ்சை வட்டாரத்தில் ‘அல்லா சாமி’ பஞ்சாவுக்கு இந்துக்களே தீ மிதிக்கும் ஊரை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாகிஸ்தானின் முல்தான் நகரில் ‘உஸ்தாத்’, ‘ஷாகிர்த்’ என்று இரண்டு புகழ்பெற்ற தாஜியாக்கள் (இமாம் ஹுசைனின் அடக்கத்தல நினைவாக ஊர்வலத்தில் எடுக்கும் வடிவங்கள்) உண்டு; ஆசான், மாணவன் என்று பொருள். நுணுக்கமான செதுக்கு வேலைப்பாட்டோடு, அடுக்கடுக்காக உயரும் மரக் கோபுரங்கள். ஆசான் செய்ததை மிஞ்சிக் காட்ட மாணவன் செய்த போட்டியில் பிறந்தவை என்று ஊரில் கதை சொல்வார்கள். முல்தானில் தாஜியா எடுக்கும் உரிமம் வைத்திருப்பவர்களில் சுன்னிகள் பலர். ஊர்வலம் போகும் தெருவில் ‘சபீல்’ எனப்படும் தண்ணீர்ப் பந்தல் போட்டு, பாலும் சர்பத்தும் ஊற்றிக் கொடுத்தவர்களில் சுன்னிக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர். கர்பலாவில் தாகத்தோடு மாண்டவர்களின் நினைவாக ஒரு குவளை நீர் கொடுப்பதற்கு யாரும் யாருடைய மார்க்கப் பிரிவையும் விசாரித்ததில்லை. அந்த நாட்டை உருவாக்கிய ஜின்னாவே ஷியா கோஜா குடும்பத்தில் பிறந்தவர்தான்.

இந்தப் பழங்கதை இருக்கட்டும், குண்டுக்கு என்ன பதில் என்று கேட்பது நியாயம். பட்டியல் கொடூரமானது. 2004 மார்ச் 2, ஆஷுரா நாளன்று, இராக்கின் கர்பலாவிலும் பாக்தாதின் காழிமியாவிலும் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளில் 150க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதே நாளில் பாகிஸ்தானின் குவெட்டாவில் ஊர்வலத்தைச் சுட்டும் வெடித்தும் 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். 2009 டிசம்பர் 28, கராச்சி ஊர்வலத்தில் குண்டு வெடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த தீவைப்பில் போல்ட்டன் மார்க்கெட் வட்டாரத்தின் மொத்த வியாபாரக் கடைகள் வரிசையாகச் சாம்பலாயின. 2011 டிசம்பரில் காபூலின் அபுல் ஃபஸல் தர்காவில், 2015 அக்டோபரில் டாக்காவின் ஹுசைனி தாலானில், மொகரத் துக்கம் அனுசரிக்கக் கூடியவர்கள் மேல் தாக்குதல் நடந்தது. ஷியாக்கள் மட்டும் குறியல்ல. 2006இல் கராச்சி நிஷ்தர் பூங்காவில் மீலாது விழா மேடையே வெடித்துச் சிதறியது. 2010இல் லாகூரின் தாத்தா தர்பார் தர்கா, 2023 செப்டம்பரில் மஸ்துங்கில் மீலாது ஊர்வலம். இறந்தவர்கள் சுன்னிகள். தர்காவையும் மீலாதையும் வழிகேடு என்று சொல்லும் கும்பலுக்கு, அவற்றைப் போற்றும் சுன்னியான பரேல்வியும் ஒன்றுதான், ஷியாவும் ஒன்றுதான். ஆகவே சோதனைச் சாவடி வெறும் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. மனித வெடிகுண்டாக வருபவனை ஊர்வலத்துக்கு நூறடி முன்னால் தடுத்து நிறுத்தினால், சாவது ஐம்பது பேராக இல்லாமல் இரண்டு காவலர்களாக இருக்கும். அந்தக் காவலர்கள் பலமுறை அப்படிச் செத்திருக்கிறார்கள்.

ஆனால் கொலைகாரனுக்கு நாள்காட்டி ஒன்றும் கட்டாயமில்லை. ஊர்வலத்தைச் சுற்றிச் சுவர் எழும்பினால் அவன் சுவர் இல்லாத இடத்துக்குப் போகிறான். 2013 ஜனவரி 10 அன்று குவெட்டாவின் அலம்தார் சாலையில் ஷியாக்களான ஹஸாரா இனத்தவர் மேல் குண்டு வெடித்தது மொகரத்திலும் அல்ல, ஊர்வலத்திலும் அல்ல. இளைஞர்கள் ஸ்னூக்கர் ஆடிக்கொண்டிருந்த கூடத்தில். முதல் வெடிப்பைக் கேட்டு ஓடிவந்த மீட்புப் பணியாளர்களையும் போலீஸாரையும் செய்தியாளர்களையும் இரண்டாவது குண்டு வாரிக்கொண்டது. இறந்தவர்களை அடக்கம் செய்ய மாட்டோம் என்று குடும்பங்கள் கடுங்குளிரில் சவப்பெட்டிகளோடு சாலையில் உட்கார்ந்தன. பலூசிஸ்தான் மாகாண அரசு நீக்கப்பட்ட பிறகுதான் எழுந்தார்கள். அடுத்த மாதமே ஹஸாரா டவுன் சந்தையில் மீண்டும் குண்டு. 2015 ஜனவரியில் ஷிகார்பூர் இமாம்பர்காவில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். 2022 மார்ச்சில் பெஷாவரின் கூச்சா ரிசால்தார் பள்ளிவாசல்: வாசலில் காவல் நின்றவர்களைச் சுட்டு வீழ்த்திவிட்டு உள்ளே புகுந்தவன் வெடித்ததில் 60க்கும் மேற்பட்டோர் போனார்கள். இவற்றில் எந்த நாளும் ‘அமைதியாக நடந்தேறியது’ என்ற அறிக்கையின் கணக்கில் வராது.

பிறகு எதனால் சாவு குறைந்தது? குறைந்தது உண்மை. பாகிஸ்தானின் பெருநகர ஆஷுரா ஊர்வலங்களில் 2009இல் கராச்சி கண்டது போன்ற படுகொலை, 2015க்குப் பிறகு திரும்பவில்லை. கன்டெய்னர் ஆதரவாளர்கள் இதைத் தம் பக்கச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் சோதனைச் சாவடிகளும் கடைச் சீல்களும் அதற்கு முன்பும் இருந்தன. 2012 நவம்பரில் உள்துறை அமைச்சகம் டஜன் கணக்கான நகரங்களில் செல்போனை நிறுத்தியது. அதே வாரம் ராவல்பிண்டியில் துக்க ஊர்வலத்துக்குள் புகுந்த மனித வெடிகுண்டு 20 பேருக்கு மேல் கொன்றது, தேரா இஸ்மாயில் கானில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு குண்டுகள் வெடித்தன. சுவர் இரண்டு காலத்திலும் இருந்தது. மாறியது வேறு. 2014 டிசம்பரில் பெஷாவர் ராணுவப் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, அதுவரை தொடத் தயங்கிய அமைப்புகள் மீது அரசு கைவைத்தது. ஷியா எதிர்ப்பு ஆயுதக் குழுவான லஷ்கர்-இ-ஜாங்வியின் தலைவன் மாலிக் இஸ்ஹாக் அதற்கு நல்ல உதாரணம். டஜன் கணக்கான கொலை வழக்குகள் இருந்தும், சாட்சி சொல்ல ஆளின்றி வழக்குகள் ஒவ்வொன்றாக உதிர, 14 ஆண்டுச் சிறைக்குப் பின் 2011இல் மாலையோடு வெளியே வந்தவன் அவன். 2015 ஜூலையில் போலீஸ் மோதலில் கொல்லப்பட்டான். இப்படி ‘என்கவுன்ட்டரில்’ முடித்துவைப்பதை நீதி என்று ஏற்க எனக்கு மனமில்லை. சாட்சிகளைக் காப்பாற்றி வழக்கு நடத்தத் தெரியாத அரசு பிடித்த குறுக்கு வழி அது. ஆனால் ஒன்று தெளிவாகிறது: வன்முறையின் வேர் ஊர்வலத் தெருவில் இல்லை. அமைப்பில் இருக்கிறது. அங்கே கைவைத்தபோதுதான் தெருவும் அடங்கியது.

கை வைத்த அதே அரசு கையை எடுக்கவும் தவறவில்லை. ஷியா எதிர்ப்பு அமைப்பான சிபாஹ்-இ-சஹாபா 2002இல் தடை செய்யப்பட்டது. பெயரை மாற்றிக்கொண்டது; மறுபடி தடை; மறுபடி பெயர் மாற்றம். அந்த அமைப்பை 1985இல் ஜாங் நகரில் தொடங்கிய ஹக் நவாஸ் ஜாங்வியின் மகன், 2016 டிசம்பரில் அதே ஜாங்கில் பஞ்சாப் சட்டமன்ற இடைத்தேர்தலில் நின்று வென்றார். அந்த மரபின் முதன்மைத் தலைவர் அகமது லூதியான்வியின் பெயர், பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில், அதாவது போலீஸ் கண்காணிப்பில் வைக்க வேண்டியோர் பட்டியலில் இருந்தது. 2018 பொதுத்தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு அது நீக்கப்பட்டது. தேர்தல் வந்தால் ஓட்டுக்குத் தேவைப்படுகிறவர்கள், மொகரம் வந்தால் பேசக் கூடாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். மொகரத்தில் வாயைக் கட்டுவதற்கு உருதுவில் ‘ஜபான் பந்தி’ என்றே பெயர். மாவட்டத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது ‘ஜில்லா பந்தி’. ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட நிர்வாகங்கள் இந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்கின்றன. தடை முடிந்ததும் அவர்கள் மைக் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வது என்பதற்குப் பட்டியல் இல்லை.

இந்த நிர்வாக முறைக்கு வயது ஒரு நூற்றாண்டுக்கும் மேல். ஊர்வலத்துக்கு உரிமம், வழக்கமான பாதை, வழக்கமான நேரம், 144 தடை உத்தரவு என அத்தனையும் பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போனவை. 1861 போலீஸ் சட்டமும் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டமும் வகுத்த வழி. பிரிட்டிஷ் அதிகாரிக்கு இரண்டு பிரிவும் சமம், இரண்டுமே தொல்லை. லக்னோவில் 1930களின் இறுதியில் கலீஃபாக்களைப் புகழ்ந்து பாடும் உரிமைக்காகச் சுன்னிகளும், அதை எதிர்த்து ஷியாக்களும் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனபோது அரசு செய்ததெல்லாம் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தியதுதான். விடுதலைக்குப் பிறகும் அதே நகரில் 1977 கலவரத்தையொட்டி நின்றுபோன அஸாதாரி (மொகரத் துக்க) ஊர்வலங்கள் மறுபடி தெருவுக்கு வர 1998 ஆயிற்று. பாகிஸ்தானும் அந்தத் தராசை அப்படியே வைத்துக்கொண்டது. 2001இல் சுன்னி ஆயுதக் குழுவான லஷ்கர்-இ-ஜாங்வியைத் தடை செய்த அதே நாளில் ஷியா ஆயுதக் குழுவான சிபாஹ்-இ-முகம்மதும் தடை செய்யப்பட்டது. 2002இலும் அப்படியே ஜோடியாகத் தடை. ஷியா குழுக்களும் கொலை செய்தன என்பதில் ஐயமில்லை. 1990களில் இரு தரப்பும் மாறி மாறி மௌலவிகளைச் சுட்டன. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு சாவது பெரும்பாலும் யார், கொல்வது யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தும், ‘இரு தரப்பு மோதல்’ என்ற சொல்லை அரசு விடவில்லை. ‘காஃபிர்’ என்று மேடையில் அறிவிப்பவனும், அந்த அறிவிப்பால் சாகிறவனும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிசை எண்களாக நிற்கிறார்கள்.

வழக்கமான பாதை என்ற அந்தப் பழைய விதி எப்படி வெடிமருந்தாகிறது என்பதை 2013 ராவல்பிண்டி காட்டியது. நவம்பர் 15, வெள்ளிக்கிழமை, ஆஷுரா. ராஜா பஜாரில் ஊர்வலம் வழக்கமாகப் போகும் தெருவின் மேலேயே தாலிமுல் குர்ஆன் மதரஸாவும் பள்ளிவாசலும் இருக்கின்றன. ஜும்மா பிரசங்க நேரமும் ஊர்வலம் அந்த இடத்தைக் கடக்கும் நேரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஒலிபெருக்கியில் பேச்சு, கீழே மாரடிக்கும் கூட்டம். முதலில் கல், பிறகு கத்தி, போலீஸாரிடம் பறித்த துப்பாக்கி, தீ. பள்ளிவாசலும் அதை ஒட்டிய துணி மார்க்கெட்டும் எரிந்தன. பத்துப் பேர் அளவில் இறந்தார்கள். ஊரடங்கு வந்தது, ராணுவம் வந்தது. அன்றைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான போலீஸ், செல்போன் துண்டிப்பு எல்லாம் இருந்தன. இல்லாமல் போனது ஒரு எளிய வேலை: மோதிக்கொண்ட அந்த இரண்டு நேரங்களை முன்கூட்டியே இரு தரப்பிடமும் பேசி மாற்றிவைக்கும் வேலை. செல்போன் ஊமையாகிக் கிடந்ததால் ஊர்வலத்தில் போன மகனைப் பற்றி வீட்டுக்குத் தெரியவில்லை. மதரஸாவில் படித்த பிள்ளையைப் பற்றி ஊருக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் வதந்தி புகுந்து சாவு எண்ணிக்கையைப் பல மடங்காக்கிப் வேறு நகரங்களுக்கும் கலவரத்தைக் கொண்டுபோனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல், ராணுவச் செய்தித் தொடர்பாளர் ஒரு தகவலை வெளியிட்டார்: அந்த மதரஸாவுக்குத் தீ வைத்தவர்கள் அதே சுன்னிப் பிரிவைச் சேர்ந்த பயங்கரவாதிகள், பழியை ஷியாக்கள் மேல் போடக் கருப்புச் சட்டை அணிந்து வந்தவர்கள் என்று. அது முழு உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். உண்மையென்றால், ஊர்வலத்தைச் சுற்றி நின்ற அத்தனை காவலுக்கும் நடுவே கருப்புச் சட்டை ஒன்றே அனுமதிச் சீட்டாகியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரன் கண் முன்னால் நின்றிருந்தால் ‘நீ எந்தத் தெருப் பையன்?’ என்று கேட்டிருப்பான். அவன் கடைக்குத்தான் சீல் வைத்தாயிற்றே.

பாதுகாப்பு என்ற பெயரில் வெறும் பாவனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இராக்கைவிட வேறு சான்று வேண்டாம். பாக்தாதின் சோதனைச் சாவடிகளில் பல ஆண்டுகள் சிப்பாய்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் பிடி இருந்தது. அதன் நுனியில் ரேடியோ ஆன்டெனா போல ஒரு கம்பி. ஏடிஇ-651 என்று பெயர். வண்டிக்கு அருகே நடந்து போனால், வெடிமருந்து இருக்கும் பக்கம் கம்பி தானாகத் திரும்பும் என்றார்கள். உள்ளே பேட்டரிகூடக் கிடையாது. காணாமல் போன கோல்ஃப் பந்தைத் தேடித் தரும் என்று விற்ற விளையாட்டுப் பொருளை ஒட்டிச் செய்த மோசடி. கோடிக்கணக்கான டாலருக்கு இராக் அதை வாங்கியது. விற்ற பிரிட்டிஷ் வியாபாரிக்கு 2013இல் லண்டனில் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. அப்போதும் கம்பிகள் சாவடியிலிருந்து போகவில்லை. 2016 ஜூலை 3, ரமலான் முடியும் தறுவாயில், பெருநாள் துணிமணி வாங்க நள்ளிரவில் நெரிசலாக இருந்த கர்ராதா கடைத்தெருவில் லாரி வெடித்து 300க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அவற்றைத் திரும்பப் பெறும்படி பிரதமர் அபாதி உத்தரவிட்டார். கராச்சி விமான நிலையத்திலும் இதே பாணியில் ‘கோஜி’ என்ற கருவி வேலை செய்தது. எதையாவது செய்துகொண்டிருப்பதாகக் காட்ட வேண்டிய கட்டாயம் அரசுக்கு. தன்னைச் சோதிக்கிறார்கள் என்ற ஆறுதல் மக்களுக்கு. செல்போன் துண்டிப்பும் பாதி இந்த ரகம்தான். தொலைவிலிருந்து வெடிக்க வைக்கும் குண்டை அது தடுக்கும் என்பது சரி. இடுப்பில் கட்டிக்கொண்டு வருபவனுக்கு சிக்னல் எதற்கு? 2018இல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் இந்தத் துண்டிப்பு சட்டவிரோதம் என்றது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

சில நேரம் காவலே கொல்லும். 2005 ஆகஸ்ட் 31, காழிமியாவிலுள்ள இமாம் மூசா காழிமின் அடக்கத்தலத்துக்குப் போய்க்கொண்டிருந்த லட்சக்கணக்கானோர் டைகிரிஸ் ஆற்றின் மேலுள்ள அல்-அயிம்மா பாலத்தில் நெருங்கி நின்றார்கள். ஷியாக்களின் காழிமியாவையும் சுன்னிகளின் அதமியாவையும் பிரித்துவைக்கப் பாலத்தில் காங்கிரீட் தடுப்புகள் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் மனித வெடிகுண்டு புகுந்துவிட்டது என்று ஒரு குரல். குண்டு ஏதும் இல்லை. ஓட வழியும் இல்லை. மிதிபட்டும் கைப்பிடிச் சுவர் உடைந்து ஆற்றில் விழுந்தும் 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதமியாக் கரையிலிருந்து உஸ்மான் அலி அல்-உபைதி என்ற சுன்னி இளைஞர் ஆற்றில் குதித்து ஒருவர் பின் ஒருவராக இழுத்துக் கரைசேர்த்து, கடைசியில் தாமும் மூழ்கினார். ஒரு தனி மனிதனின் தியாகத்தை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது என்று சொல்லலாம்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காங்கிரீட் தடுப்பு எந்த அண்டைவாசியிடமிருந்து காப்பதாகச் சொல்லி வைக்கப்பட்டதோ, அந்த அண்டைவாசிதான் ஆற்றில் குதித்தான் என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இத்தனை ஆபத்து இருக்கிறதே, துக்கத்தை வீட்டுக்குள்ளும் இமாம்பர்காவுக்குள்ளும் வைத்துக்கொண்டால் என்ன என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. உள்ளே போனால் பத்திரமா என்பதற்கு ஷிகார்பூரும் பெஷாவரும் பதில் சொல்லிவிட்டன. பிரிவு மோதலே அறியாத ஓமனில்கூட 2024 ஜூலையில் மஸ்கட்டின் வாதி அல்-கபீரில் மொகரத்துக்காகப் பள்ளிவாசலில் கூடியவர்களைச் சுட்டார்கள். தெருவிலிருந்து துரத்திப் பார்த்த அரசும் உண்டு. 1977இல் இராக்கில் நஜஃபிலிருந்து கர்பலாவுக்கு நடந்தவர்களை பாத் கட்சி அரசு படை வைத்து ஒடுக்கியது. 2003 ஏப்ரலில் சதாம் விழுந்த சில வாரத்திலேயே, ஆஷுராவின் நாற்பதாம் நாள் நினைவான அர்பயீனுக்கு லட்சக்கணக்கானோர் நடந்தே கர்பலா போய்ச் சேர்ந்தார்கள். இன்று அந்த நடைப்பயணத்தில் கலந்துகொள்வோர் சுமார் இரண்டு கோடி என்று சொல்லப்படுகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் கடைக்காரருடையது. இரண்டு நாள் வியாபாரம் போகிறது, தினக்கூலிக்காரனுக்கு அடுப்பு எரிவதில்லை, பிரசவ வேதனையில் இருப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை என்கிறார்கள். அது பொய்ப் புகார் அல்ல. சுவரின் மிகப் பெரிய தீங்கை நான் காண்பதும் அங்கேதான். சீல் வைத்த கடைக்கு முன்னால் நிற்கும் மனிதனுக்குக் கோபம் குண்டு செய்தவன் மேல் வருவதில்லை. அவனை இவர் பார்த்ததே இல்லை. கண்ணுக்குத் தெரிவது மாரடித்துக்கொண்டு போகும் கூட்டம். ‘இவர்களால்தான் நமக்கு இந்தத் தொல்லை’ என்ற எண்ணம் ஆண்டுக்கு ஒருமுறை அரசு செலவில் நீர் ஊற்றி வளர்க்கப்படுகிறது. முன்பு அதே வாசலில் சபீல் போட்டுத் தண்ணீர் ஊற்றியவரின் மகனாக அவர் இருக்கலாம். 2020 செப்டம்பரில் கராச்சியில் ஷியாக்களுக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் அடுத்தடுத்த நாள்களில் பேரணி போனதையும், அந்த மொகரத்தில் ஷியாக்கள் மேல் டஜன் கணக்கில் மத நிந்தனை வழக்குகள் பாய்ந்ததையும் வெறும் மௌலவிகளின் தூண்டுதல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஈரம் இருந்த இடத்தில்தான் விதை முளைத்தது. அதற்குப் பாகிஸ்தான் நாடாளுமன்றத்தின் கீழவை காட்டிய எதிர்வினை, நபித்தோழர்களை அவமதிப்பதற்கான தண்டனையை மூன்று ஆண்டு வரை என்பதிலிருந்து குறைந்தது பத்து ஆண்டாக உயர்த்தும் மசோதாவை 2023 ஜனவரியில் நிறைவேற்றியது.

எல்லாம் ஈரான், சவூதி பணம் செய்த வேலை என்பதும் ஒரு பதில். 1979க்குப் பின் இரு பக்கமும் பணம் வந்தது. ஜியாவுல் ஹக் 1980இல் ஜகாத்தைக் கட்டாய வரியாக்கியபோது ஷியாக்கள் இஸ்லாமாபாதை முற்றுகையிட்டு விலக்குப் பெற்றதும், அதற்கு எதிர்வினையாகச் சுன்னி அமைப்புகள் திரண்டதும் வரலாறு. ஆனால் சிந்து மாகாணம் கைர்பூர் பக்கத்திலுள்ள தேரியில் ஆஷுரா அன்று நூறுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டது 1963இல். ஈரானில் கொமேனி ஆட்சிக்கு வர இன்னும் பதினாறு ஆண்டு இருந்தது. சிபாஹ்-இ-சஹாபா பிறந்த ஜாங்கில் பெருநிலக்கிழார்கள் பலர் ஷியாக்கள், பிரிவினையில் கிழக்குப் பஞ்சாபிலிருந்து வந்து கடை வைத்து மேலெழுந்த வணிகர்கள் சுன்னிகள். பணம் வெளியிலிருந்து வந்தது, பகை உள்ளூர்ப் பகைதான். குர்ரம் மாவட்டத்தில் 2024இல் மூண்ட சண்டையின் தொடக்கம் போஷெராவில் ஒரு நிலத் தகராறு. அந்த நவம்பர் 21 அன்று பாராசினார் சாலையில் போலீஸ் பாதுகாப்போடு போன வாகன வரிசையைச் சுட்டு 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அரசு சாலையை மாதக்கணக்கில் மூடியது. ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தது. ஊர்வலத்துக்குப் போட்ட கன்டெய்னர் போலவே ஒரு மாவட்டத்தையே அடைத்துவைத்த கதை அது.

குவைத் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2015 ஜூன் 26, ரமலான் வெள்ளி, இமாம் சாதிக் பள்ளிவாசலில் குண்டு வெடித்து 27 பேர் இறந்தார்கள். அன்றே சுன்னியான அமீர் ஷேக் சபாஹ் இடிபாட்டுக்குள் போய் நின்றார். துக்கம் விசாரிக்க ஷியா இமாம்பர்காவில் அல்ல, நாட்டின் பெரிய பள்ளிவாசலில் இடம் ஒதுக்கப்பட்டது. அடுத்த வெள்ளி இரு பிரிவினரும் சேர்ந்து தொழுதார்கள். குவைத் சிறிய நாடு, பணக்கார நாடு, ஆயுதக் குழுக்கள் இல்லாத நாடு. பாகிஸ்தானோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் அங்கே அரசு முதலில் எடுத்துவைத்தது தடுப்பு அல்ல, இறந்தவர்கள் யாருடையவர்கள் என்ற அறிவிப்பு. அதற்குப் பெரிய செலவு ஆகவில்லை.

கராச்சியிலோ ராவல்பிண்டியிலோ நாளைக்கே கன்டெய்னரை எடுத்துவிடச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. சோதனைச் சாவடியும் இருக்கட்டும். சீல் வைக்க வரும் காவலர் ஒன்று செய்யலாம். கடையைச் சோதித்து முடித்ததும் சாவியைக் கடைக்காரரிடமே கொடுத்து, பத்தாம் நாள் வாசலில் சபீல் போட விருப்பமா, தெருமுனையில் நின்று தெரியாத முகத்தைக் காட்டித்தர முடியுமா என்று கேட்கலாம். பலர் மாட்டேன் என்பார்கள். சிலர் சம்மதிக்கக்கூடும். அவர்கள் பெயரைக் குறித்துவைப்பது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய வேலையும் அல்ல. பேசக் கூடாதவர்களின் பட்டியலை ஆண்டு தவறாமல் தட்டச்சு செய்யும் அலுவலகம்தானே அது.